தேயிலை வாசம் தெரியாத மூக்குகள்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் உங்கள் யாருக்கும் இங்கே டீ கொடுத்திருக்க மாட்டார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் குடல் புரண்டு, குளிரில் பல் கிட்டிக்க வந்து நிற்கிறவரிடம் ஒரு தாளை நீட்டி, "மொதல்ல இத மோந்து பாருங்க" என்று பரமேஸ்வரி சொல்லியிருப்பாள். நீங்கள் மோந்து பார்த்துச் சொன்ன பிறகுதான் டம்ளர் வந்திருக்கும். புதிதாக வந்தவர்களைச் சீண்டுகிற விளையாட்டு இது என்று உங்களில் சிலர் பேசிக்கொள்வதாகக் கேள்வி. போன வாரம் நான் வந்திருந்தபோது ஒரு பெண் நேராகவே கேட்டுவிட்டார். விளையாட்டில்லை அம்மா. அதற்கு ஒரு கதை இருக்கிறது. ஓய்வு பெற்றவனிடம் கதை கேட்டால் அவன் சும்மா விடுவானா? அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தாளை எப்படிச் செய்வது என்று நான் சொல்லப் போவதில்லை. மரவள்ளி மாவு எவ்வளவு, கடற்பாசி எவ்வளவு, கிளிசரின் எவ்வளவு என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நீங்கள் படித்துப் பட்டம் வாங்கியவர்கள். உணவைச் சுற்றி வைக்கலாம், தூக்கிப் போட்டால் மண்ணோடு மண்ணாகப் போய்விடும் என்கிற இந்தத் தாளுக்கு உங்கள் பாடப்புத்தகத்தில் நீளமாக ஒரு பெயர் இருக்கும். நாங்கள் வைத்த பெயர் கஞ்சித் தாள். மாவைக் காய்ச்சித் தட்டில் ஊற்றிக் காய வைத்து உரிப்பதைப் பார்த்ததும் பெண்கள் வைத்த பெயர். அதற்குமேல் பொருத்தமான பெயர் எனக்குத் தோன்றவில்லை.

நான் இதற்கு வருவதற்கு முன் டீ மேக்கர். கீழே சமவெளியில் இப்படிச் சொன்னால் டீக்கடை வைத்திருந்தேன் என்று நினைத்துக்கொள்வார்கள். என் மாமனாரே அப்படி நினைத்துத்தான் பெண் கொடுக்க யோசித்தார். தேயிலை பாக்டரியில் பச்சை இலை எப்போது வாடியது, எப்போது பதமாகப் புளித்தது, எப்போது அனலுக்குப் போக வேண்டும் என்று தீர்மானிக்கிறவன்தான் டீ மேக்கர். கடிகாரம் ஒன்று சொல்லும், மூக்கு ஒன்று சொல்லும். நான் மூக்கின் பேச்சைக் கேட்பவன். மூக்கால் சம்பாதித்துச் சோறு தின்றவன் என்கிற கர்வம் எனக்கு நிறையவே இருந்தது. இந்தக் கதைக்கு அது முக்கியம்.

பிறகு அந்த மந்தம் வந்தது. தேயிலை விலை விழுந்தது என்று பத்திரிகையில் ஒரு வரியில் எழுதிவிடுவார்கள். இங்கே அது எப்படித் தெரிந்தது என்றால், செடி வளர்ந்தது. பறிக்கிற கூலிக்குக்கூட இலை கட்டாது என்று தோட்டக்காரர்கள் பறிக்காமல் விட்டார்கள். இடுப்பளவு நிற்க வேண்டிய செடி ஆளை மறைத்து நின்றது. தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில், இருந்தவர்கள் குடும்பம் குடும்பமாகத் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு பஸ் ஏறினார்கள். கோத்தகிரிக்குப் பக்கத்தில் அரவேணுவில் எங்கள் பாக்டரியும் அடுப்பை அணைத்தது. சைரன் ஊதாத காலையில் எழுந்து என்ன செய்வது என்று தெரியாமல் நான் பாதி நாள் பல் தேய்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

எங்கள் முதலாளி கெட்டிக்காரர், கொஞ்சம் அவசரக்காரர். மாவட்டத்தில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்திருந்த நேரம். கோயமுத்தூர்க் கல்லூரியிலிருந்து ஓர் அம்மாவை வரவழைத்து, அந்தக் கஞ்சித் தாளைச் செய்ய எங்களுக்குக் கற்றுக்கொடுக்கச் சொன்னார். அவர் பொறுமையாகக் கற்றுக்கொடுத்துவிட்டுக் கீழே போனார். நான் பொறுப்பாளன். ஊரை விட்டுப் போகாமல் மிச்சமிருந்த பெண்கள் சிலர் வேலைக்கு வந்தார்கள். அவர்களுக்கு மேஸ்திரி மாதிரி இருந்தவள் பரமேஸ்வரி.

பரமேஸ்வரி சின்னக் குழந்தையாக இருக்கும்போது இலங்கையில் கண்டிப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து அப்பா அம்மாவுடன் கப்பலில் வந்தவள். அவள் புருஷன் அப்போதே திருப்பூர் போய்விட்டான். வா வா என்று ஆள்மேல் ஆள் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தான். இவள் போகவில்லை. மகள் கோத்தகிரியில் பதினொன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். தாள் வேலை நிலைத்தால் லயத்து வீடு இருக்கும், மகள் படிப்பை முடிப்பாள். நிலைக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். "இன்னொரு தரம் மூட்ட கட்டுறதுக்கு எனக்குத் தெம்பில்ல மேக்கரய்யா" என்று அவள் என்னிடம் ஒருமுறை சொன்னாள். அவள் அதிகம் பேசுகிறவள், ஆனால் அதை மெதுவாகச் சொன்னாள்.

தாளைக் காய வைக்க எங்களுக்கு இடம் தேட வேண்டியிருக்கவில்லை. பாக்டரியின் மேல்மாடி இருந்தது. பச்சை இலையைப் பரப்பி வாட்டுகிற மாடி. நீள நீளமான வலைத் தொட்டிகள், அடியிலிருந்து காற்று வீசும் பெரிய விசிறிகள், நல்ல வெளிச்சம். ஈரத்தை வாங்குவதற்கென்றே கட்டிய இடம். இலை காய்ந்த இடத்தில் தாள் காயாதா என்று முதலாளிக்கு ஒரே பெருமை. எனக்கும்தான். கோத்தகிரியில் ஒரு பேக்கரிக்காரர் பன் சுற்றுவதற்கு எங்கள் தாளை வாங்கிக்கொண்டார். ஒரு குறையும் வரவில்லை.

அடுத்து ஊட்டி கடைவீதியில் ஒரு சாக்லேட் கடைக்காரர் கிடைத்தார். கடையின் பின்கட்டிலேயே சாக்லேட் காய்ச்சி விற்பவர், என்னைவிட இளையவர், பூர்வீகம் எங்கள் கோயமுத்தூர்ப் பக்கம். மாதிரிக்குக் கொஞ்சம் தாள் வாங்கிப் பார்த்துவிட்டு, கோடை சீசன் முழுவதற்கும் வேண்டும் என்றார். முதலாளி அன்றைக்கே எங்களை நிற்க வைத்துச் சொல்லிவிட்டார். பாக்டரியை வாங்கி விடுதி கட்ட ஒரு பார்ட்டி காத்திருக்கிறது, இந்த ஆர்டர் நல்லபடியாக முடிந்தால் நான் விற்கமாட்டேன், முடியாவிட்டால் என்னைக் குறை சொல்லாதீர்கள் என்றார். நாங்கள் மாடி கொள்ளாமல் தாள் செய்து அடுக்கினோம்.

சீசன் சரக்கு அனுப்புவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, வண்டி எப்போது வரலாம் என்று கேட்க ஊட்டிக்குப் போனேன். கடைக்காரர் என்னை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"ஏனுங்க, ஒண்ணு சொன்னாத் தப்பா நெனைக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"மாதிரிக்குக் குடுத்தீங்களே, அந்தத் தாள்ல சுத்தின சாக்லேட்ட மதுரையிலிருந்து வந்த ஒரு குடும்பம் வாங்கிட்டுப் போனாங்க. ரூமுக்குப் போய்த் தின்னு பாத்துட்டுத் திரும்பி வந்து, சாக்லேட்டுல டீ வாசம் அடிக்குதுங்கறாங்க."

நான் ஒரு தாளை எடுத்து மோந்து பார்த்தேன். மடித்துக் கசக்கி மறுபடி மோந்தேன். ஒன்றும் இல்லை.

"எனக்கு எதும் தெரியலீங்களே."

"எனக்கும் பெருசாத் தெரியலீங்க. நானும் நாள் பூரா கோகோ பொகையில நிக்கறவன், எம்மூக்க நம்ப முடியாது. வுடுங்க, ஒரு குடும்பந்தான சொன்னாங்க. நீங்க சரக்க அனுப்பிச்சுருங்க."

நான் வெளியே வந்து பஸ் ஏறினேன். ஆனால் மனது ஆறவில்லை. குன்னூர் ஏலத்துக்குப் போன தேயிலையில் எந்தப் பக்கத்து மழை பெய்திருக்கிறது என்று சொன்ன மூக்கு இது. சுற்றிப் பார்க்க வந்தவர்களுக்குத் தெரிந்த வாசம் எனக்குத் தெரியவில்லை என்றால் என்ன அர்த்தம்? அந்த மதுரைக் குடும்பத்தின் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

மாடிக்கு வந்து எல்லோரிடமும் ஆளுக்கொரு தாள் கொடுத்தேன். எல்லோரும் மோந்தார்கள். "கஞ்சி வாசந்தான் வருது. வேற ஒண்ணுமில்ல" என்றாள் பரமேஸ்வரி. முதலாளியும் மோந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். மதுரைக்காரர்களுக்குச் சளி பிடித்திருக்கும் என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தோம். எனக்கு மூச்சு வந்தது.

மறுநாள் காலை அரவேணு கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். கேரட் ஏற்றக் கீழே மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறி வரும் லாரி டிரைவர் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சட்டைப் பையில் ஒரு தாள் இருந்தது. எதுவும் சொல்லாமல் அவரிடம் நீட்டி, இதில் என்ன வாசம் வருகிறது என்று கேட்டேன்.

அவர் ஒரே ஒருமுறைதான் மோந்தார். "டீத்தூள் மூட்டைங்க. டீத்தூள் கட்டி வெச்ச காயிதமா இது?"

என் பையில் இருந்ததால் வந்த வாசமாக இருக்கலாம் என்று ஓடிப்போய் மாடியிலிருந்து புதுத் தாள் எடுத்து வந்தேன். அதற்கும் அதே பதில். கீழே காரமடையிலிருந்து பூக்கூடையோடு வந்து இறங்கிய ஓர் அம்மாவிடம் நீட்டினேன். அவர் மோந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்து, "எனக்கு டீத்தூள் வேண்டாங்க, ஊட்டுல இருக்குது" என்றார். டீக்கடைக்காரரிடம் நீட்டினேன். அவர் நம்மூர் ஆள், அரவேணுவிலேயே பிறந்தவர். "ஒண்ணும் வரலியே" என்று சாதாரணமாகச் சொன்னார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பல வருடம் இலை வாடிய மாடி அது. சுவர், பலகை, விசிறி, வலை எல்லாவற்றிலும் தேயிலை ஊறியிருந்தது. கஞ்சித் தாள் அதைக் குடித்துக்கொண்டது. பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசத்தைப் பிடித்துக்கொள்கிற பண்டம் அது. எங்களில் யாருக்கும் அது தெரியவில்லை. வருடக்கணக்கில் அந்த வாசத்துக்குள்ளேயே இருந்தால் எப்படித் தெரியும்? கோத்தகிரி பேக்கரியில் புகார் வராத காரணமும் அதுதான். அங்கே பன் தின்றவர்களும் எங்கள் ஆட்கள். நாக்கு செத்துப்போச்சு என்போமே, எங்களுக்கு ஊரோடு மூக்கு செத்துப்போயிருந்தது. ஒரு தேயிலை ஊரைத் தவிர வேறு எங்கும் இந்தத் தப்பு நடந்திருக்காது.

இங்கேதான் நீங்கள் கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டும். தப்பு நடந்தது பெரிய விஷயமில்லை. அடுத்து என்ன செய்வது என்பதுதான் விஷயம். சரக்கு தயாராக அடுக்கியிருந்தது. வாங்குகிறவர் புகாரைத் தள்ளிவிட்டு அனுப்பச் சொல்லிவிட்டார். வாசம் இருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஆர்டர் முடியும், பாக்டரி நிற்கும், பரமேஸ்வரி மூட்டை கட்ட வேண்டாம்.

நான் முதலாளியிடமும் பெண்களிடமும் சொன்னேன். முதலாளிக்குக் கோபம் வந்துவிட்டது.

"கடைக்காரரே போதும்னுட்டாரு. நீங்க எதுக்கு நோண்டறீங்க? ஊட்டிக்கு வாரவன் டீ வாசத்துக்குத்தானே வாரான்?"

பரமேஸ்வரி அதைவிட நன்றாகப் பேசினாள். "டீ வாசம் என்னா நாத்தமா மேக்கரய்யா? எங்கம்மா அதுலதான் என்னய பெத்துச்சு. கெட்டுப்போன சாமானையா நாம குடுக்குறோம்? தின்னா யாருக்கும் வயித்த வலிக்காது. ஒரு குடும்பம் மூக்கச் சுளிச்சுச்சுன்னு எம்மக படிப்ப நிறுத்தச் சொல்லுறீங்களா?"

அவள் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. அந்தத் தாள் யாருக்கும் கெடுதல் செய்யாது. நான் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன். எனக்கு ஏலக் காலத்து ஞாபகம் ஒன்று வந்தது. முன்பு ஒருமுறை எங்கள் பாக்டரித் தேயிலையில் லேசாக மண்ணெண்ணெய் வாடை ஏறிவிட்டது. ருசி பார்க்கிறவர்கள் உறிஞ்சித் துப்பிவிட்டு அடுத்த கிண்ணத்துக்குப் போனார்கள். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குப் பிறகு ரொம்ப காலம் எங்கள் மார்க்கைக் கேட்க ஆளில்லை, அவ்வளவுதான். மதுரைக் குடும்பம் திரும்பி வந்து சொல்லிற்று. அவர்கள் நல்லவர்கள். சொல்லாமல் அடுத்த கடைக்குப் போகிறவர்கள்தான் நம்மை முடித்துவிடுவார்கள். அவர்கள் போனது நமக்குத் தெரியவே தெரியாது. அது மட்டுமில்லை. அந்தக் கடைக்காரர் தன் மூக்கை நம்ப முடியாது என்று சொல்லி என் மூக்கை நம்பினார். அந்த மூக்கும் செத்தது என்று தெரிந்த பிறகு அவரிடம் சொல்லாமல் எப்படி இருப்பது?

எழுந்து வந்து, ஊட்டிக்குப் போய்ச் சொல்லப் போகிறேன் என்றேன். முதலாளி கையை உதறிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

"நானும் வாறேன்" என்றாள் பரமேஸ்வரி. "எம்பொழப்புல நீங்க மண்ணள்ளிப் போடுறத நானும் நின்னு பாக்கணும்."

பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காராமல் நாலு சீட்டு தள்ளி உட்கார்ந்து வந்தாள்.

கடைக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். லாரி டிரைவர், பூக்கார அம்மா, மாடி, மூக்கு, எதையும் விடவில்லை. அவர் கையில் ஒட்டியிருந்த சாக்லேட்டைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"சீசன் தலைக்கு மேல நிக்குதுங்க. இப்ப வந்து சொல்றீங்களே."

"தெரிஞ்சதும் வந்துட்டனுங்க."

"அப்ப வாசமில்லாத தாளு குடுப்பீங்களா?"

முடியும் என்று சொல்ல நாக்கு துடித்தது. பரமேஸ்வரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் எங்கே, எப்படி என்று எனக்கு ஒன்றும் தெரியாது.

"தெரியலீங்க. இப்போதைக்கு எடமில்லீங்க" என்றேன்.

அவர் சுவரிலிருந்த காலண்டரைப் புரட்டிப் பார்த்தார். "மலர்க் கண்காட்சிக்கு முன்னால வந்தா, எவ்வளவு வந்தாலும் எடுத்துக்கறேன். வரலீன்னா பட்டர் பேப்பர்தானுங்க. கோவிச்சுக்கப்படாது" என்றார். கிளம்பும்போது பரமேஸ்வரியின் கையில் மகளுக்கென்று கொஞ்சம் சாக்லேட் கொடுத்தார். எங்கள் தாளில் சுற்றியதுதான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம். வேறு வழியில்லாமல் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சாக்லேட் பொட்டலத்தை மோந்து பார்த்தாள். அவளுக்கு என்ன தெரியப் போகிறது? கட்டபெட்டு வரும்வரை அதைக் கையில் உருட்டிக்கொண்டே வந்தாள். பிறகு வெடித்தாள்.

"முடியும்னு ஒரு வார்த்த சொன்னா வாயி வெந்துருமா உங்களுக்கு?"

"எங்க காய வெக்கறது, நீயே சொல்லு. பாக்டரி பூரா வாசம். குடோன், ஆபீஸ், லயம், எல்லாம் அதேதான். உஞ்சேலையிலயும் இருக்கும், எஞ்சட்டையிலயும் இருக்கும். டீ போகாத எடம்னு எது இருக்குது நம்ம ஊர்ல?"

"அப்ப புள்ளக் காம்பராவுல போயி காய வச்சுக்கங்க" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பிள்ளைக் காம்பரா என்றால் தோட்டத்தில் வேலைக்குப் போகிற தாய்மார்கள் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற இடம். அவர்கள் இலங்கையிலிருந்து கொண்டு வந்த பேச்சு அது. எங்கள் முதலாளியின் தோட்டத்துக் காம்பராவில் ஓர் ஆயா இருந்தார், நெருப்பு மாதிரி. பால் கொடுக்க வருகிற தாய், கூடையையும் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கையும் வாசலுக்கு வெளியே கழற்றிப் போட்டுவிட்டு, முழங்கை வரை கழுவிக்கொண்டுதான் உள்ளே நுழைய வேண்டும். கொழுந்து வாசத்தோடு வந்தால் குழந்தை பால் குடிக்காது என்பது ஆயாவின் சட்டம். உண்மையோ பொய்யோ, துரை வந்தாலும் அந்தச் சட்டம் மாறாது. ஒரு தளிர்கூட அந்த அறைக்குள் போனதில்லை. திருப்பூருக்குக் குடும்பங்கள் போனபோது குழந்தைகளும் போய்விட்டன. ஆயாவும் மகன் வீட்டுக்குப் போனார். அறை பூட்டிக் கிடந்தது.

ரெண்டு வளைவு போயிருக்கும்.

"மேக்கரய்யா."

"ம்."

"நான் கோவத்துல சொன்னேன்."

"தெரியுது."

"ஆனா அது…"

"ஆமா" என்றேன். "அதையேதான் நானும் நெனச்சுட்டு இருக்கறேன்."

அவள் அந்தச் சாக்லேட்டைப் பிரித்துப் பாதியை எனக்குக் கொடுத்தாள். எனக்கு அதில் சாக்லேட் ருசி மட்டும்தான் தெரிந்தது.

முதலாளியிடம் கேட்டுச் சாவி வாங்கி அறையைத் திறந்தபோது சுவரில் முயலும் 'அ ஆ'வும் அப்படியே இருந்தன. கூரையில் ஒரு தொட்டில் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. பெண்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். அவர்களுடைய குழந்தைகள் தூங்கிய இடம். லாரி டிரைவரை வண்டியை நிறுத்தச் சொல்லிக் கூட்டி வந்து உள்ளே விட்டோம். அவர் நாலு மூலையிலும் நின்று மூச்சை இழுத்தார். "டீ ஒண்ணும் வரலீங்க. பழைய பால் வாசம் லேசா வருதுங்க" என்றார். பரமேஸ்வரி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஆயாவின் சட்டத்தை அவளே திரும்பக் கொண்டுவந்தாள். ஸ்வெட்டர் வெளியே. கை முழங்கை வரை. வேலைக்குக் கட்டுகிற சேலையை லயத்தில் காய வைக்கக் கூடாது, அறையின் முன்கட்டில்தான் காய வைக்க வேண்டும். இதையெல்லாம் பொறுத்துக்கொண்டார்கள். ஆனால் வேலை நேரத்தில் டீ கிடையாது என்றாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை. மலையில் பிறந்தவர்களைச் சோறில்லாமல் வேலை வாங்கலாம், டீ இல்லாமல் வாங்க முடியாது. சாயங்காலம் கதவைப் பூட்டியதும் கடைக்கு ஓடுவோம், நானும் சேர்ந்துதான். ஒவ்வொரு தடவை தாள் உரித்ததும் லாரி டிரைவரோ பூக்கார அம்மாவோ மோந்து பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். எங்களுக்கு அவர்கள்தான் ஆய்வுக்கூடம்.

மாடியில் அடுக்கியிருந்த பழைய சரக்கை என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். மாடுகளுக்குப் போட்டோம். அவை ஒரு குறையும் சொல்லாமல் தின்றன. மிச்சத்தை மண் தின்றது. தப்புச் செய்தால் சுவடில்லாமல் போய்விடுகிற தொழில் உலகத்தில் இது ஒன்றுதான் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அறை சின்னது. ஆர்டரில் பாதிகூட எங்களால் கொடுக்க முடியவில்லை. காய்ந்தது காய்ந்தபடி பஸ்ஸில் கட்டி அனுப்பினோம். கடைக்காரர் சொன்னபடி எடுத்துக்கொண்டு, மிச்சத்துக்குப் பட்டர் பேப்பரை வைத்துச் சமாளித்தார். முதலாளி பாக்டரியை விற்றுவிட்டார். அந்த மாடியில்தான் இப்போது தேனிலவுத் தம்பதிகள் தங்குகிறார்கள். காலையில் எழுந்து என்ன அருமையான தேயிலை வாசம் என்று சொல்கிறார்களாம்.

ஆனால் சீசன் முடிந்ததும் அந்தக் கடைக்காரர் தானாகவே அரவேணுவுக்கு வந்தார். அறையைச் சுற்றிப் பார்த்தார். கை கழுவாமல் உள்ளே போகப் பார்த்து பரமேஸ்வரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். "எனக்கு வருஷம் முழுக்க இதே தாளு வேணுங்க" என்று முதலாளியிடம் சொன்னார். "வாசமிருக்குதுன்னு வந்து சொன்னவங்க, நாளைக்கு வாசமில்லீன்னு சொன்னா நான் நம்பலாமுங்க." பாக்டரிக்குக் கிரயப் பத்திரம் எழுதும்போது முதலாளி இந்த அறையையும் லயத்தையும் பக்கத்து நிலத்தையும் மட்டும் சேர்க்காமல் வைத்துக்கொண்டார். நீங்கள் வேலை பார்க்கிற கட்டடங்கள் அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக எழும்பியவை. உங்கள் மேஜைக்குப் பின்னால் சுண்ணாம்புக்கு அடியில் அந்த முயல் இன்னும் இருக்கும். பரமேஸ்வரி மூட்டை கட்டவில்லை. மகள் படித்து முடித்தாள். புருஷன்தான் மூட்டை கட்டிக்கொண்டு திருப்பூரிலிருந்து திரும்பி வந்தான்.

முதல் நாள் டீ கொடுக்காத கதை இதுதான். வந்த அன்றைக்கு உங்கள் மூக்கு எங்கள் எல்லோருடைய மூக்கையும்விட உயர்ந்தது. அதற்காகத்தான் உங்களிடம் கேட்கிறோம். சீக்கிரமே உங்கள் மூக்கும் செத்துவிடும், வருத்தப்படாதீர்கள், அது இந்த இடத்துக்குப் பழகிவிட்டீர்கள் என்பதற்கு அடையாளம். ஆனால் செத்தது என்பதை மறந்துவிடாதீர்கள். நம் சரக்கில் குறை என்று ஒருவர் சொல்லும்போது நமக்கு ஒன்றும் தெரியவில்லை என்றால், அவரிடம் சண்டைக்குப் போகாமல் ஒரு லாரி டிரைவரைத் தேடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லி முடிக்கிறேன். ஓய்வு பெற்ற பின் நான் கோயமுத்தூரில் மகன் வீட்டோடு இருக்கிறேன். முட்டி வலியால் மலைப்பக்கம் வந்து சில வருடம் ஆகிவிட்டது. போன வாரம் அரவேணுவில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் குப்பென்று ஒரு வாசம் அடித்தது. ஏதோ பாக்டரியில் சரக்கு கொட்டிவிட்டார்கள் என்று நினைத்துச் சுற்றும்முற்றும் பார்த்தேன். அப்படி ஒன்றுமில்லை. ரோடு, கடை, பக்கத்தில் நின்றவரின் கம்பளி, எல்லாவற்றிலும் அது இருந்தது. அதே வாசத்தில்தான் நடந்து இங்கே வந்தேன்.

பரமேஸ்வரி வாசலுக்கு வந்தாள். தலை நரைத்துவிட்டது. வாங்க என்றுகூடச் சொல்லாமல் ஒரு தாளை நீட்டினாள்.

"மோந்து பாத்துச் சொல்லுங்க."

"நான் என்ன புது ஆளா?"

"கீழ இருந்து வாறீங்கள்ல, புது ஆளுதான். அந்த லாரிக்காரரும் இப்ப வாறதில்ல. மோந்து சொன்னாத்தான் டீ."

தாளை மூக்கருகில் வைத்து நன்றாக இழுத்தேன். தாளில் ஒன்றுமில்லை, சுத்தமாக இருந்தது. ஆனால் அதை நீட்டிய கையிலும், அவள் தோளில் கிடந்த பழைய ஸ்வெட்டரிலும் அந்த வாசம் இருந்தது. இத்தனை வருடம் என் மேலும் அதுதான் இருந்திருக்கும். அவளோடு சேர்ந்து நானும் அதற்குள்ளேயே இருந்தேன், எனக்குத் தெரிந்ததில்லை. இப்போது தெரிகிறது. இனி நான் இந்த ஊர் ஆள் இல்லை என்று என் மூக்கே எனக்குச் சொல்லிவிட்டது. கண் நிறைந்துவிட்டது, மறைக்கவும் முடியவில்லை.

அவள் பயந்துபோனாள். "என்னா மேக்கரய்யா, தாளுல வாசம் வருதா?"

"தாளுல இல்ல பரமேஸ்வரி" என்றேன். "நீ போயி டீயக் கொண்டா."